தகரப் பெட்டியிலுள்ள சரித்திரம்

நம்மவர் வீடுகளில் எந்தத் தாள் மிகப் பத்திரமாயிருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அது ஜாதகமாகவே இருக்கும். மஞ்சள் தடவி, துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். குழந்தை பிறந்த வேளையில் சனியும் செவ்வாயும் எந்த வீட்டில் நின்றன என்பதற்கு ஆதாரம் உண்டு. அக்குழந்தை எந்தத் தோட்டத்தில், யாருக்குப் பிறந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டாலோ, கிழவி கட்டிலடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, கரையான் தின்றது போக மிஞ்சிய ஒரு துண்டை எடுத்து நீட்டுவாள். கிரகங்களுக்குக் கிடைத்த மரியாதை பெற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சரித்திரம் என்பது மன்னர்களுடையது, அதைக் காப்பது சர்க்காருடைய வேலை என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்குப் புதுச்சேரியிலேயே சான்று உண்டு. துய்ப்ளேயின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவந்தார், 1761-இல் இறந்தார். அந்த ஏடுகளை எந்த அரசாங்கமும் காக்கவில்லை. அவர் குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல் கல்லுவா-மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு பாகங்களாக அவை அச்சேறின. இடையிடையே சில பகுதிகள் இல்லாமற் போயின. போனவை போனவையே.

பிள்ளையவர்கள் செல்வர், எழுதினார், எழுதியதை வைக்க வீடும் இருந்தது. எழுத்தறியாமல் கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரிடம் நாட்குறிப்பு ஏது என்று கேட்கலாம். நாட்குறிப்பு இல்லை; ஆனால் தாள்கள் இருந்தன. பண்டமாரானுக்கு அண்மையிலுள்ள துறைமுகம் 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. 1972-இல்தான் கிள்ளான் துறைமுகமாயிற்று. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் பரிசோதிக்கப்பட்டுக் கப்பலேறியவர்களுள் பலர் இத்துறையில்தான் கால் வைத்தனர். கங்காணியின் லைசென்சு, கப்பல் சீட்டு, அம்மைப்பால் வைத்த சான்று, தோட்டத்தை விட்டு நீங்கும்போது கொடுத்த துண்டு, ஊரிலிருந்து வந்த தபால் கார்டு ஆகிய இவைதாம் அவர்களுடைய ஏடுகள். உதவிபெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் வரவை இந்திய சர்க்கார் 1938 ஜூன் 15-இல் தடுத்துவிட்டமையால், அவ்வகைத் தாள்கள் அத்தோடு நின்றுபோயின. இனிப் புதிதாய் ஒன்று உண்டாகப்போவதில்லை.

தோட்டத்துக் கணக்கில் எல்லாம் இருக்குமே என்று சிலர் சொல்லக்கூடும். கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: செக்ரோல் என்பது சம்பளம் கொடுக்க எழுதப்படுவது. அதில் ஆள் உண்டு, நாள் உண்டு, காசு உண்டு. ஆளின் தாய் தந்தையர் இல்லை. தோட்டம் கைமாறினாலும், வீட்டுமனைகளாக வெட்டப்பட்டாலும், பழைய ரோல்கள் முதலில் குப்பைக்குப் போகும்.

பெயர் எழுதி வைக்கப்படாதவர்களின் கதி என்னவென்பதைச் சயாம் இரயில்பாதை காட்டிற்று. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அப்பாதை போடப்பட்டபோது வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் சாவுகள் பதியப்பட்டன. கைதிகளே மறைவாகக் குறித்தும் வைத்தனர். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு அத்தகைய பெயர்ப்பட்டியல் இல்லை. திரும்பாத ஒருவர் இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதற்கு, அவர் வீட்டிலுள்ள ஒரு புகைப்படமோ கடிதமோதான் சாட்சி.

நிற்க. இறந்தவர் விஷயம் இருக்கட்டும். இருப்பவர்களின் பிரஜாவுரிமையே இத்தாள்களில் தொங்கியது. 1948-இல் அவசரகாலம் பிறந்ததும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வந்தது. 1957 ஆகஸ்டு 31 முதல் இந்நாட்டில் பிறந்தோர் பிரஜைகள் என்றிருந்த விதி, 1962 அக்டோபரில் மாறிற்று. அதன்பின் பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையருள் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்கவேண்டும் என்றாயிற்று. அதாவது, மகனுடைய உரிமைக்குத் தகப்பனுடைய தாள் வேண்டும். 1969-இல் பிரஜையல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற நிலை வந்தபோது, பல்லாயிரவர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். விண்ணப்பிக்கத் தகுதியிருந்தும் அலட்சியமாயிருந்தவர்களும், காட்டுவதற்குத் தாளில்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இலங்கையில் இதனினும் கொடுமை நடந்தது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கும், சிலருக்குப் பாட்டன் பூட்டன் பிறப்புக்குமே ஆதாரம் கேட்டது. மலையகத் தோட்ட லயத்தில் பிறந்தவன் பூட்டனுக்குச் சான்று எங்கே தேடுவான்? 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. உரிமை பெற்றவர் ஒன்றரை இலட்சம்கூட இல்லை. சட்டம் இயற்றியவர்கள் தாளின் பலத்தை நன்கு அறிந்திருந்தார்கள். நாம்தான் அறியவில்லை.

கலியாண விஷயமும் இத்தகையதே. இந்நாட்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த மணங்கள் செல்லும். அதற்குப்பின் ஐயர் மந்திரம் ஓதினாலும் ஓதாவிட்டாலும், பதிவு இல்லையேல் சட்டத்தின் முன் மணமில்லை. பிள்ளை தாயின் பிரஜாவுரிமையையே சாரும். தாய்க்கும் அது இல்லையானால், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை எந்நாட்டானுமல்லன். மேளத்துக்கும் விருந்துக்கும் கடன் வாங்குவோர் பதிவுத்தாளின் நகலை எங்கே வைத்தோம் என்று தெரியாமலிருப்பது எவ்வகை அறிவோ!

இன்னொரு தொல்லை பெயரெழுத்து. எனக்கு முன்னிருந்த கிராணிமார் தமிழ்ப் பெயர்களைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதனால் ஒரே ராமசாமி பிறப்புத் தாளில் ஒருவனாகவும், அடையாள அட்டையில் வேறொருவனாகவும், மகனுடைய தாளில் மூன்றாமவனாகவும் இருப்பான். மூவரும் ஒருவரே என்று காட்ட எல்லாத் தாள்களும் ஒருசேர வேண்டும். ஆகவே, பழையது பயனற்றதென்று ஒன்றையும் எறியலாகாது.

காப்பது கடினமன்று. பெட்டி தரையில் இருக்கக்கூடாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் வீடுகள் மூழ்கியதைக் கண்டோம். அடையாள அட்டையைச் சர்க்கார் மறுபடி தரும்; பாட்டனின் கப்பல் சீட்டை யார் தருவார்? மடித்த தாளை விரித்து வைக்கவேண்டும், மடிப்பில்தான் கிழிகிறது. கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டினால் பசை பழுத்துத் தாளைக் கெடுக்கும். சூடேற்றி லேமினேட் செய்வதைப் பலர் பாதுகாப்பென்று நினைக்கிறார்கள். பழந்தாளை அதிலிருந்து பின்னர்ப் பிரிக்க முடியாது. பாட்டி ஜாதகத்துக்குத் தடவிய மஞ்சளும் இங்கே வேண்டா. நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்குமாதலால், மாதமொருமுறை நிழலில் காற்றாட விடுவது நன்று. வெயில் மையை வெளுக்கச் செய்யும். படமெடுத்து, நகலை வேறொரு வீட்டிலும் வைக்கவேண்டும்.

புகைப்படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதவேண்டும். பெண்களுக்கு ‘ஆயா’, ‘பெரியம்மா’ என்று முறை மட்டும் எழுதி விடுவது நம்மவர் வழக்கம். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி கொடுத்த காலத்திலேகூட, செக்ரோலில் அந்த 40 காசுக்கு எதிரே அவள் பெயர் இருந்தது. அப்பெயரை அறிந்தவர்கள் வீட்டில் இன்னும் உயிரோடிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.