வி.பி.என் கருவியும் வாசலை மறிக்கும் தாக்குதலும்

வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். சில நாள் காலையில் "வி.பி.என் கனெக்ட் ஆகல" என்று அவர்கள் தவிப்பதைப் பார்க்கிறோம். வீட்டு இணையம் சரியாக இருந்தும் இப்படி ஆவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அலுவலகத்தின் வி.பி.என் கருவியையே யாரேனும் முடக்குவது.

வி.பி.என் கருவி என்பது என்ன?

கைபேசியில் இறக்கிக்கொள்ளும் செயலியை நாம் இங்கே சொல்லவில்லை. நிறுவனத்தின் நெட்வொர்க் வாசலில் நிற்கும் கருவியைச் சொல்கிறோம். வெளியிலிருந்து வரும் ஊழியரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, மறையாக்கம் செய்த பாதை வழியே உள்ளே விடுவது அதன் பணி. அதற்காக அது இணையத்தை நோக்கித் திறந்தே இருக்க வேண்டும். ஆகவே ஊழியர் தட்டும் கதவைத் தீயவனும் தட்டலாம்.

முடக்குவது எப்படி?

இதற்கு 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர். இரண்டு வழிகள் முக்கியமானவை.

1. மென்பொருளில் உள்ள பிழை: சிஸ்கோ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஏ கருவிகளில் இருந்த ஒரு குறைபாடு 2018 ஜனவரியில் வெளியானது (சி.வி.இ-2018-0101). வேண்டுமென்றே தவறாக அமைத்த எக்ஸ்.எம்.எல் தரவை அனுப்பினால் கருவி தானாக மறுதொடக்கம் ஆகிவிடும். தாக்குபவன் அதைத் தன் கைக்குள் கொண்டுவரவும் முடியும். அதன் கடுமைக்கு 10-க்கு 10 மதிப்பெண் தரப்பட்டது. முதல் திருத்தம் போதாமல், பிப்ரவரியில் மீண்டும் திருத்தம் வந்தது.

2. வளத்தைத் தீர்ப்பது: 2024 அக்டோபரில் அதே நிறுவனம் இன்னொன்றை அறிவித்தது (சி.வி.இ-2024-20481). கடவுச்சொல்லை ஊகித்து ஏராளமான உள்நுழைவுக் கோரிக்கைகளை அனுப்பினால், கருவியின் வளம் தீர்ந்து வி.பி.என் சேவை நின்றுவிடும். சில சமயம் கருவியை மறுதொடக்கம் செய்தால்தான் சேவை திரும்பும். இதன் மதிப்பெண் 5.8 மட்டுமே. ஆயினும் தாக்குபவர்கள் இதை உண்மையிலேயே பயன்படுத்தினார்கள். மதிப்பெண் குறைவு என்று அலட்சியம் கூடாது.

பொறுப்பில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

• உற்பத்தியாளரின் திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவுதல். ஆதரவு முடிந்த கருவியை மாற்றுதல்.
• உள்நுழைவுப் பதிவேடுகளைக் கவனித்து, தோல்விகள் திடீரெனப் பெருகினால் அந்த முகவரிகளைத் தடுத்தல்.
• இரட்டைச் சரிபார்ப்பு வைத்தல். இது திருடன் உள்ளே வருவதைத் தடுக்கும். ஆனால் கோரிக்கை வெள்ளத்தை இது மட்டும் நிறுத்தாது.
• மாற்றுக் கருவி ஒன்றை ஆயத்தமாக வைத்தல்.

நம் இளைஞர்களுக்கு

"எதையும் திருடவில்லையே, சிறிது நேரம் முடக்கினோம், அவ்வளவுதான்" என்று சிலர் இதை விளையாட்டாக எண்ணுகிறார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அப்படியிருக்க, மக்கள் ரிஸ்க் தேடும் பாதையை நாமே மறிப்பது எப்படி ஆகுமாகும்? மருத்துவமனையின் இணைப்பும் இப்படி ஒரு கருவி வழியே செல்லக்கூடும். உரிமையுள்ளவரின் அணுகலை மறுப்பதை நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43-ம் குறிப்பிடுகிறது. தீய நோக்கோடு செய்தால் பிரிவு 66-ன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

நெட்வொர்க் பணியில் இருக்கும் நம் பிள்ளைகள் அந்த வாசலை அமானிதமாகக் கருதிக் காக்கட்டும். அல்லாஹ் நம் கரங்களால் எவருக்கும் தீங்கு நேராமல் பாதுகாப்பானாக! ஆமீன்.