கலிலியோவின் இன்னொரு குற்றம்



கலிலியோ என்றதும் தொலைநோக்கிதான் நினைவுக்கு வரும். 45 நிமிட வகுப்பில் அதற்குமேல் சொல்ல நேரமும் இருந்ததில்லை. இப்போதுதான் ஓய்வு கிடைத்திருக்கிறதே, மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

வேதமே போதும் என்று லூத்தர் கிளம்பி ஐரோப்பா பிளந்து கிடந்த காலம். 1546-இல் திரெந்து பொதுச்சங்கம் ஓர் ஆணை போட்டது: விசுவாசம், ஒழுக்கம் சார்ந்தவற்றில் திருச்சபை கொண்ட பொருளுக்கு மாறாக யாரும் சொந்தப் புத்தியை நம்பி வேதத்துக்குப் பொருள் சொல்லக்கூடாது.

1613 டிசம்பரில் டஸ்கனி அரசவையில், கலிலியோவின் சீடரான காஸ்தெல்லி என்ற துறவியை ராஜமாதா கிறிஸ்டினா மடக்கினார். யோசுவா சூரியனை நிற்கச் சொன்னதாக வேதத்தில் இருக்கிறதே, பூமிதான் சுற்றுகிறது என்றால் அது எப்படி என்று. சீடர் சமாளித்துவிட்டார். குருவால் சும்மா இருக்க முடியவில்லை. காஸ்தெல்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். 1615-இல் அதையே விரித்து ராஜமாதாவுக்கு எழுதினார். வேதம் பாமரர் பேச்சுவழக்கில் பேசுகிறது, நிரூபணமான உண்மையோடு ஒரு வசனம் மோதுவதுபோல் தோன்றினால் நாம் கொண்ட பொருள்தான் தவறு என்றார். புனித அகுஸ்தீனைச் சாட்சிக்கு அழைத்தார். பூமி சுற்றுவது விசுவாசமும் இல்லை, ஒழுக்கமும் இல்லை, திரெந்து ஆணை இங்கே பொருந்தாது என்றார். அதோடு விட்டாரா? யோசுவா வசனத்துக்குத் தாமே புது உரையும் சொன்னார். குருப்பட்டம் இல்லாத கணக்கு வாத்தியார்! (நம் கணக்கு சார்கள் கோபிக்க வேண்டாம்.)

கர்தினால் பெல்லார்மின் மூடர் அல்ல. உண்மையான நிரூபணம் இருந்தால் வசனங்களை நிதானமாக மறுபடி பார்க்க வேண்டியதுதான், ஆனால் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் எனக்குக் காட்டவில்லை என்று 1615 ஏப்ரலில் எழுதினார். நியாயமான கேள்வி. கலிலியோ நம்பியிருந்த கடல் ஓத வாதம் தவறானது. ஆனால் விடைக்குக் காத்திருக்காமல் 1616-இலேயே கோப்பர்நிக்கஸ் நூலை நிறுத்திவைத்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

1633 தீர்ப்பைப் படித்தால், வேதத்துக்குத் தம் இஷ்டப்படி பொருள் சொன்னார் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

1893-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ (நம் ஊர்ச் சிங்கராயர்) வேத ஆய்வு பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். வேத ஆசிரியர்கள் இயற்கையைப் பற்றி அக்காலப் பேச்சுவழக்கில் எழுதினார்கள் என்கிறது அது. சாட்சி அதே அகுஸ்தீன். கலிலியோவின் பெயர் மட்டும் இல்லை. வேதத்தைப் புரிந்துகொண்ட விதத்தில், எதிர்த்த இறையியலாளர்களைவிடக் கலிலியோவே தெளிவாக இருந்தார் என்று இரண்டாம் யோவான் பவுல் சொன்னது 1992 அக்டோபர் 31-இல்.