வாத்துகள் சொன்ன வானிலை அறிக்கை

வானிலை அறிக்கையைக் கிண்டல் பண்றது நம்ம எல்லாருக்கும் பிடிச்ச பொழுதுபோக்கு. மழை வரும்னு சொல்லிட்டாங்களா, அப்ப குடையை வீட்லயே வெச்சுட்டுப் போலாம்ங்கிற ஜோக்கை நானும் நிறைய தடவை அடிச்சிருக்கேன். ஆனா மினசோட்டாவில் 1940-ல் நடந்த ஒரு கதையைப் படிச்சதிலிருந்து அந்த ஜோக் வாயில வர மாட்டேங்குது.

முதல்ல கொஞ்சம் புவியியல் (பயப்படாதீங்க, ஒரு பத்திதான்). அமெரிக்காவின் வடக்கு நடுப்பகுதி முழுக்கப் புல்வெளிச் சமவெளி. கனடாவிலிருந்து வர்ற ஆர்க்டிக் குளிர்காற்றையோ, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வர்ற ஈரமான வெப்பக்காற்றையோ தடுத்து நிறுத்த குறுக்கே ஒரு மலைத்தொடர் கூட கிடையாது. இலையுதிர் காலத்தில் இது ரெண்டும் நேருக்கு நேர் மோதிக்கும். மோதினா புயல்தான்.

1940 நவம்பர் 11, திங்கட்கிழமை. முதல் உலகப்போர் முடிஞ்ச நாள்ங்கிறதால விடுமுறை. சனி, ஞாயிறோட சேர்த்தா மூணு நாள் லீவு! அதுவும் வாத்து வேட்டை சீசன். துப்பாக்கி, சின்னப் படகு, மரத்துல செஞ்ச வாத்து பொம்மைகள் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நூத்துக்கணக்கான பேர் மிசிசிப்பி ஆத்துக்குக் கிளம்பிட்டாங்க. அந்தக் காலத்துக்குப் பொருந்தாத இதமான வெயில். சில இடங்கள்ல 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 16 செல்சியஸ். பலர் மெல்லிசு சட்டையோட போயிட்டாங்க. அறிக்கையிலும் 'குளிர் கூடும், லேசாப் பனி தூவலாம்' என்ற அளவில்தான் இருந்தது.

ஆத்துக்கு நடுவுல இருந்த தீவுகள்ல உட்கார்ந்தவங்களுக்கு ஆச்சரியம். வானம் கொள்ளாத அளவுக்கு வாத்துகள்! கூட்டம் கூட்டமா, தலைக்கு மேலேயே தாழப் பறந்து வருது. சுடச் சுட வந்துகிட்டே இருக்கு. ஆயுசுல இப்படி ஒரு நாள் வாய்ச்சதில்லைனு யாரும் இடத்தை விட்டு நகரலை. 'தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழை'னு நம்ம பாட்டிங்க சொல்வாங்களே, அதேதான். பின்னால வர்ற புயலுக்கு பயந்து அந்த வாத்துகள் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தது. எச்சரிக்கையை இவங்க அதிர்ஷ்டம்னு நினைச்சுட்டாங்க.

மத்தியானத்துக்குள்ள காத்து திரும்பிடுச்சு. மழை, ஆலங்கட்டி, அப்புறம் கண்ணை மறைக்கிற பனி. சில இடங்கள்ல காத்தோட வேகம் மணிக்கு 80 மைல் வரை. ஆத்துல எழுந்த அலையில சின்னப் படகுகளால கரைக்குத் திரும்ப முடியலை. ஒரே நாள்ல வெப்பநிலை 50 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கிடுச்சு. படகைக் கவுத்துப் போட்டு அதுக்கடியில ஒண்டினவங்க, தூங்கினா செத்துடுவோம்னு ராத்திரி முழுக்கக் குதிச்சுக்கிட்டே இருந்தவங்க சிலர் பிழைச்சாங்க. நனைஞ்ச துணியோட பலர் அப்படியே உறைஞ்சு போயிட்டாங்க.

மறுநாள், காத்து இன்னும் அடங்காதப்பவே, வினோனா ஊரைச் சேர்ந்த விமானி மேக்ஸ் கான்ராட் ஒரு குட்டி பைப்பர் விமானத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். தீவு தீவாத் தேடி, உயிரோட இருந்தவங்களுக்குத் தகர டப்பாவுல சாப்பாடும் தீப்பெட்டியும் போட்டு, மீட்புப் படகுகளுக்கு மேலேயிருந்தே வழி காட்டினார். பின்னாளில், 1959-ல், காசாபிளாங்காவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை தனியா, எங்கயும் இறங்காம பறந்து சாதனை படைச்சதும் இதே மனுஷன்தான்.

அந்தப் புயலில் மொத்தம் செத்தவங்க சுமார் 150 பேர். மினசோட்டாவில் மட்டும் 49 பேர், அதில் பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவங்க. மிச்சிகன் ஏரியில் வில்லியம் பி. டேவாக், அன்னா சி. மிஞ்ச் என்ற ரெண்டு சரக்குக் கப்பல்களும் ஒருத்தர் மிச்சமில்லாம மூழ்கின. காலேஜ்வில் என்ற ஊரில் கிட்டத்தட்ட 27 அங்குலம் பனி. அயோவா மாநிலத்தின் ஆப்பிள் தோட்டங்கள் பட்டுப்போய், பல விவசாயிகள் சோளத்துக்கும் சோயாவுக்கும் மாறிட்டாங்க.

இப்ப மேட்டருக்கு வர்றேன். மினசோட்டாவுக்கு முன்னறிவிப்பு தயாரிச்சது பல நூறு மைல் தள்ளியிருந்த சிகாகோ அலுவலகம். ராத்திரியில அங்கே ஆளே கிடையாது! புயல் வேகம் பிடிச்ச நேரத்துல அதைப் பார்க்க ஒருத்தரும் முழிச்சிருக்கலை. புயலுக்கு லீவு நாளும் தெரியாது, ஆபீஸ் நேரமும் தெரியாது. இத்தனை பேர் போன பிறகுதான் 24 மணி நேரமும் கண்காணிக்கிற முறை வந்தது. அந்தந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே முன்னறிவிப்பு தர்ற அலுவலகங்களும் வந்தன.

இன்னிக்கு அந்தச் சமவெளியில ஒரு வெள்ளிக்கிழமை, 'இந்த வாரக் கடைசியில பலத்த காத்து, மழை, பனிக்கு வாய்ப்பு'னு நாலு வரி வந்தா, அதைப் பார்த்துட்டு ஒருத்தன் படகை வீட்டுலயே விட்டுடுவான். புயல் வராம போனா, "ஒரு நாளை வீணாக்கிட்டாங்க"ன்னு திட்டவும் செய்வான்.

திட்டட்டும். திட்டுறதுக்கு ஆள் உயிரோட இருக்கான்ல, அதுதானே முக்கியம்? நான் இனிமே குடையை எடுத்துக்கிட்டுத்தான் போகப் போறேன்.