சிங்கப்பூரில் வாடகை வீடும் சொந்த வீடும்

1960 பிப்ரவரி 1 அன்று சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கப்பட்டபோது, அதன் அடுக்குமாடி வீடுகள் வாடகைக்கே விடப்பட்டன. நெரிசலிலும் குடிசைகளிலும் வாழ்ந்தவர்களுக்கு விரைவில் ஒரு கூரை வேண்டும் என்பதே அன்றைய அவசரம். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பரவிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர்.

1964இல் வீடுகளை விலைக்குத் தரும் திட்டம் வந்தது. பல நாடுகளிலிருந்து குடியேறிய மக்களுக்குச் சொந்த வீடு இருந்தால்தான் இந்த மண்ணில் பிடிப்பு உண்டாகும் எனப் பிரதமர் லீ குவான் இயூ கருதினார். ஆனால் முன்பணம் கட்டப் பலரிடம் காசில்லை. மத்திய சேமநிதியிலிருந்து முன்பணத்தையும் மாதத் தவணையையும் செலுத்தலாம் என 1968இல் விதி மாறியதே உண்மையான திருப்பம். முதுமைக்கெனப் பிடிக்கப்பட்ட பணம் வீடாக மாறியது. வாடகைக்கு இருப்பதைவிட வாங்குவதே பலருக்கு எளிதாயிற்று.

இன்று குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வீவக வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் உரிமையாளர்கள். ஆனால் அந்த உரிமை 99 ஆண்டுக் குத்தகைதான். ஒரு வகையில், முன்கூட்டியே கட்டிய நீண்ட வாடகை! குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்பதைக் கெய்லாங் லோரோங் 3 காட்டியது. அங்கு 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் வீடுகளின் நிலம் 2020 டிசம்பர் 31இல் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பியது.

முதலில் விற்கப்பட்ட வீவக வீடுகளின் குத்தகை 2060களில் முடியும். பழைய வீடு வாங்குவோர் இப்போது எஞ்சிய ஆண்டுகளையும் எண்ண வேண்டியுள்ளது. வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான், 2019 முதல், சேமநிதியை முழு அளவில் பயன்படுத்த முடியும்.