பியூஜி மலையும் கொழுந்து கொய்வோரும்

யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் (1760–1849) எழுபது வயதளவில், ஏறத்தாழ 1830 முதல் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சுப்பட வரிசை 'பியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' எனப்படும். பெயர் அவ்வாறிருப்பினும் படங்கள் நாற்பத்தாறு. மக்களிடையே கிடைத்த வரவேற்பினாற் பின்னர் பத்துச் சேர்க்கப்பட்டன.

இவ்வரவேற்புக்குச் சமயப் பின்னணி ஒன்றுண்டு. 3776 மீற்றர் உயரமான பியூஜி தெய்வத்தன்மை வாய்ந்ததெனப் போற்றப்பட்டது. எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், மலையேறும் அடியார் சங்கங்கள் பெருகியிருந்தன. பெண்கள் உச்சிக்கு ஏறுவதற்கிருந்த தடை 1872இலேயே நீங்கியது. செல்ல இயலாதோருக்கென நகரினுள்ளேயே சிறு பியூஜிக் குன்றுகள் எழுப்பப்பட்டன. மலிவு விலையில் விற்ற அச்சுப்படமும் அத்தகையோர் வீட்டை அடைந்தது.

இப்படம் ஒருவரின் ஆக்கமன்று. ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் செரி மரப்பலகையிற் செதுக்கினார், நிறத்துக்கொரு பலகையாக அச்சிடுநர் ஒற்றியெடுத்தார், பதிப்பாளர் முதலிட்டார். அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்த பிரஷ்ய நீலம் இவ்வரிசைக்குத் தனிப்பொலிவு தந்தது.

எனினும் ஹொக்குசாயின் சிறப்பு, மலையை எங்கிருந்து நோக்கினார் என்பதிலேயே தங்கியுள்ளது. தொட்டி செய்பவன் அடியில்லாத பெருந்தொட்டியினுள் நின்று இழைக்கிறான்; அதன் வட்டத்தினூடே பியூஜி ஒரு சிறு முக்கோணம். மரமறுப்போரின் படத்திலும், உலகறிந்த பேரலைப் படத்திலும் உழைப்பே முன்னிற்கிறது, மலை பின்னிற்கிறது. அடியார்கள் மலைமீதே நிற்கும் ஒரே படத்திலோ மலையின் வடிவம் தெரிவதில்லை!

கட்டக்குரா தேயிலைத் தோட்டப் படம் இலங்கை வாசகர் ஊன்றி நோக்கத்தக்கது. பெண்கள் குனிந்து கொழுந்து கொய்கின்றனர். ஆடவர் கூடை சுமக்கின்றனர். அப்பால் வெண்பனி மூடிய பியூஜி. உழைப்பின் களைப்பு இதில் ஓரளவு மறைக்கப்பட்டுள்ளது என்பதும் உண்மையே. படத்தை வாங்கியோர் நகரத்தார்; கொழுந்து கொய்தோரல்லர்.

தேயிலைச் சரிவும் புனித மலையும் ஒருங்கே அமைந்த காட்சி மஸ்கெலியாவிற் சிவனொளிபாதமலையை நோக்கி வாழ்வோர்க்குப் பழகியது. மாத்தளைக்குக் கிழக்கே இரத்தோட்டையிலும் தோட்டங்களுக்கு மேலே மலைத்தொடர் எழுகிறது. தொலைவிலிருந்து நோக்கிய ஆங்கிலேயர், மடக்கிய கைவிரல் முட்டிகளை ஒத்திருந்ததென அதற்கு 'நக்கிள்ஸ்' எனப் பெயரிட்டனர். அதன் சரிவிலே காடழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்ட தமிழ்த் தொழிலாளர் அதனை என்னவாகக் கண்டனர் என்பதைக் காட்டும் ஓவியம் இல்லை. ஹொக்குசாய் வாழ்ந்த அதே 1830களிலும் 1840களிலும் அவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். அவர்களது கண்ணோட்டம் வாய்மொழிப் பாடல்களிலேயே தங்கிற்று.

1890இல் இலங்கையிற் தோட்டங்களை வாங்கிய லிப்டன், கொழுந்து கொய்யும் பெண்ணின் உருவத்தை விளம்பரங்களில் அச்சிட்டார். அப்படங்கள் பிரித்தானியாவிலே தேநீர் வாங்குவோருக்காக அச்சிடப்பட்டவை.