வராகப் பெருமாளின் கோரைக்கிழங்கு

விருத்தாசலத்துக்குத் தெற்கே ஸ்ரீமுஷ்ணத்தில் எழுந்தருளியிருக்கும் பூவராகப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கைக் கொண்டு செய்த முஸ்தாபி சூரணம் நிவேதனமாவதும், அதுவே பிரசாதமாக அடியார்களைச் சேர்வதும் அத்தலத்தின் தனி வழக்கமாகும். முஸ்தா என்பது கோரைக்கிழங்கின் வடமொழிப் பெயர். நாட்டு மருந்துக் கடைகளில் முத்தக்காசு என்று விற்கப்படுவதும், நலங்கு மாவில் மணத்துக்காகச் சேர்க்கப்படுவதும் இக்கிழங்கேயாகும். ஈரநிலத்தை மூக்கால் கிளறி இதைத் தோண்டித் தின்பது காட்டுப்பன்றியின் இயல்பு என்பது காளிதாசரின் சாகுந்தல நாடகத்திலேயே பதிவாகியிருக்க, பன்றி உருவெடுத்த இறைவனுக்கு அவ்வுருவுக்கு உகந்த உணவையே படைத்தவர்களின் மனம் எவ்வளவு நுட்பமானது என்பது எண்ணத்தக்கது. நாயக்கர் காலச் சிற்பங்கள் நிறைந்த புருஷசூக்த மண்டபத்தின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். உழவர் களையென்று பிடுங்கி வரப்பில் எறியும் ஒரு கிழங்கு கருவறை வரை சென்ற வரலாறும் அதே அளவு எழுதப்பட வேண்டியதேயாகும்.

அவ்வரலாற்றின் ஒரு கிளை மருத்துவத்தில் இருக்கிறது. மருந்துப் பொருள்களைச் செயலுக்கேற்பப் பத்துப் பத்தாக ஐம்பது தொகுதிகளில் அடுக்கும் சரக சம்ஹிதை, லேகனீயம் என்ற தொகுதியில், அதாவது உடலில் மிகுந்து படிந்ததைச் சுரண்டி இளைக்கச் செய்வன என்ற வகையில், முஸ்தாவை முதலாவதாக நிறுத்துகிறது. பருமன் மிகுந்தோரைப் பற்றிய அதே நூலின் வேறோர் அத்தியாயம் சீந்தில், முத்தக்காசு, திரிபலை ஆகியவற்றை மருந்தாகவும், வாற்கோதுமை, தினை, வரகு, பச்சைப்பயறு, கொள்ளு முதலியவற்றை உணவாகவும் விதிக்கிறது. இவ்விதிக்கு அது கூறும் காரணமே வியப்புக்குரியது: பருத்தவருக்கு ஏற்ற உணவு குருவாக, அதாவது வயிற்றில் கனத்து நின்று மெதுவாகச் செரிப்பதாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் அபதர்ப்பணமாக, அதாவது உடலைக் கொழுக்க வைக்காததாகவும் இருக்க வேண்டும். பசியை அடக்கினாலும் உடலைப் பெருக்காத உணவு என்ற இக்கருத்து, குடலின் வேதியியல் எதுவும் தெரியாத காலத்தில், உண்போரை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கியதால் மட்டுமே கிடைத்திருக்க முடியும்.

இதற்கு நிகரான கருத்தை நவீன அறிவியல் மிகத் தாமதமாகவே வந்தடைந்தது. உணவு நார் என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரை ஹிப்ஸ்லி என்பவர் 1953இல் கையாண்டார். ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணியாற்றிய பர்கிட், ட்ரோவெல் ஆகியோரின் எழுத்துகளால் 1970களில்தான் அது உலகின் கவனத்தைப் பெற்றது. நார்ப்பொருளில் நீரில் கரையாதது உமியைப் போல் உருக்குலையாமல் வெளியேறுவது. கரைவதோ ஊறவைத்த வெந்தயத்தில் காணும் வழவழப்பைப் போல நீரை ஏற்றுக் கூழாகி, குடலில் உள்ளவற்றைத் தடிக்கச் செய்வது. கொழுப்பு செரிப்பதற்குப் பித்தநீரிலுள்ள பித்த அமிலங்கள் அதை நுண்துளிகளாகச் சிதறடிக்க வேண்டும். பிறகு கணையத்தின் லைபேஸ் என்னும் நொதி அத்துளிகளை உடைத்து, உடைந்த கூறுகள் குடற்சுவரைச் சென்றடைய வேண்டும். தடித்த கூழ் இப்பயணத்தைத் தாமதப்படுத்துவதோடு, பித்த அமிலங்களில் ஒரு பகுதியைத் தன்னுள் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. வழக்கமாக அவ்வமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புவதால், இழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலங்களைச் செய்ய நேர்கிறது. கொழுப்பு உறிஞ்சப்படுவதில் ஏற்படும் குறைவு சிறியதே. நாரின் பெரும்பயன் இந்தக் கொலஸ்ட்ரால் செலவில்தான் இருக்கிறது. பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நாரை நாளொன்றுக்கு 3 கிராம் ஓட்ஸிலிருந்து பெறுவது இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க அரசு 1997இல் இசைந்தது. அதே நார் நிறைந்த வாற்கோதுமை சரகரின் பட்டியலில் இடம்பெற்றிருப்பது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

ஆயினும் முஸ்தாபி சூரணத்தை நார் மருந்தாகக் காட்ட முயல்வது பிழையாகும். விரல்நுனியில் பெறும் பிரசாதத்தின் அளவு குடலில் கூழாகி எதையும் தடுக்கப் போதாது. கிழங்கின் மருத்துவ மதிப்பு பெரும்பாலும் அதன் கைப்பையும் மணமுள்ள எண்ணெயையும் சார்ந்தது. குரு அபதர்ப்பணம் என்ற விதி ஸ்ரீமுஷ்ணத்தைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் வரகு, கம்பு, கேழ்வரகு, கொள்ளு என்று அன்றாடக் கஞ்சியாகவும் கூழாகவுமே வாழ்ந்தது. வரகிலுள்ள நாரில் பெரும்பகுதி கரையாதது என்பதையும் சொல்லியாக வேண்டும். கரையும் நாரை அதனினும் மிகுதியாகத் தந்தவை உடன் சேர்ந்த பயறுகளும் வெந்தயமும் கொத்தவரையுமேயாகும்.

அந்த உணவுமுறை இரு பக்கமும் தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டின் செம்மண் நிலங்களில் நிலக்கடலை பெருகி, புதுச்சேரி வழியே பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. காலப்போக்கில் கடலையெண்ணெய் உள்ளூர் அடுப்புகளிலும் நிலைபெற்றது. கெட்டியான பல அடுக்கு உமியைத் திரிகையில் நீக்கும் உழைப்பைக் கோரிய வரகோ, நியாயவிலைக் கடை அரிசி எளிதாகக் கிடைத்த பிறகு வீடுகளிலிருந்து விலகியது. உழைப்பு, குறிப்பாகப் பெண்களின் உழைப்பு, குறைந்ததை இழப்பென்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் தட்டில் எண்ணெய் ஏற, நார் இறங்கியது என்பதும் மறுக்க முடியாத உண்மை. கோயிலில் சூரணம் நின்றுவிடவில்லை. வயலில் கோரையும் ஒழியவில்லை. களையெடுப்போர் வரப்பில் அமர்ந்து குடித்த வரகுக் கஞ்சிதான் அவ்வயல்களிலிருந்து மறைந்தது.