முத்துக்குளிப்பாரின் பங்கும் முன்பணமும்

கீழக்கரை, வேதாளை, இராமேஸ்வரம் ஆகிய கரைகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கப்பலோட்டிய மரைக்காயர்களைப் பற்றியே எழுதினர். சேதுபதிகளின் அவையில் அவர்கள் பெற்றிருந்த மதிப்பும், வள்ளல் சீதக்காதியின் கொடையும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்கப்பல்களில் ஏறிய முத்தையும் சங்கையும் கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்த மனிதர் எந்த உடன்படிக்கையின் பேரில் மூழ்கினார், அவருக்கு உரியதை யார் அளந்தார், கடல் ஏமாற்றிய ஆண்டில் அவர் கணக்கு என்னவாயிற்று என்ற கேள்விகள் மட்டும் ஓரத்திலேயே நின்றுவிட்டன. இக்கட்டுரையில் நாம் அவற்றையே எடுத்துக்கொள்கிறோம். கடை, பட்டறை, படகு என்று நாலைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துவோர் நம்மில் மிகுதி. ஆதலால் இது பழங்கதை மட்டுமன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, வணிகர்கள் குழுக்களாகச் சேர்ந்து, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்போரைக் கூலிக்கு அமர்த்தினர் என்று குறித்துள்ளார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுவோருக்கு. பிற்காலத்தில் ‘கடல் கட்டி’ எனப்பட்ட இவர்களின் மந்திரத்தை நாம் ஏற்பதற்கில்லை. எனினும், மூழ்குபவரின் உயிரச்சம் ஒரு செலவு என்பதையும், அதைத் தொழிலின் வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த உடன்படிக்கை ஒப்புக்கொண்டிருந்தது. அதற்குப் பின்வந்த பல ஒப்பந்தங்களில் அந்த ஒப்புதல்கூட இல்லை.

போர்த்துக்கீசியரை அடுத்து 1658 முதல் டச்சுக்காரர் இக்கடலில் மேலாண்மை பெற்றனர். அக்காலக் கணக்குகளில் அலகாக இருந்தது மனிதரன்று, கல். மூழ்குபவர் விரைந்து அடியைச் சேர்வதற்காகக் காலில் கோத்துக்கொள்ளும் முப்பது, நாற்பது பவுண்டு எடையுள்ள கல்லே அது. ஒரு கல்லை இருவர் மாறிமாறிப் பயன்படுத்துவர். மேலே படகில் கயிறு பிடிப்பவர் நிற்பார். வரி கல்லுக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டது. சேதுபதி, ஆர்க்காட்டு நவாப் போன்றோருக்கு வரியில்லாக் கற்கள் உரிமையாக வழங்கப்பட்டன. ஓர் அரசர் இத்தனை கல்லுக்கு உரியவர் என்றால், அத்தனை கல்லில் மூழ்குவோரின் உழைப்பின் பயன் அவரைச் சாரும் என்பதே பொருள். கல்லுக்கு ஏடு இருந்தது, காலுக்கு இல்லை.

ஆங்கிலேயர் காலத்து நடைமுறை நமக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1890இல் எட்கர் தர்ஸ்டனும், 1902 முதல் ஹெர்ட்மனும் ஹார்னெலும் மன்னார் வளைகுடாவைப் பற்றி எழுதிய குறிப்புகள் அதற்குத் துணை. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய்விரித்துச் செல்லும் படகுகள் விடியலில் பாரை அடையும். சைகை கிடைத்த பிறகே மூழ்க வேண்டும். நண்பகலில் காவற்கப்பலின் வெடியோசை கேட்டதும் நிறுத்த வேண்டும். கடலிலேயே சிப்பியைத் திறப்பது குற்றம். கரை சேர்ந்ததும் சிப்பிகள் அனைத்தும் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைத்த இடத்தில் கொட்டப்படும். அங்கே குளிப்போரே அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு. ஆனால் எந்தக் குவியல் அவர்களுடையது என்பதைத் தீர்மானிப்பவர் அதிகாரி.

பிரிப்பவர் ஒருவர், தேர்பவர் வேறொருவர் என்னும் இந்த ஏற்பாட்டை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். எந்தக் குவியல் தம்மிடம் வரும் என்று அறியாதவர் மூன்றையும் சமமாகவே பிரிப்பார். கையெழுத்தோ சாட்சியோ வேண்டியதில்லை. அன்றைய உழைப்பின் பங்கு அன்றே கையில் வந்துவிடும். கீழக்கரைக்காரர் அதைக் கொட்டின் வாயிலைக் கடந்ததுமே விற்றுக் காசாக்கலாம். உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்குள் அவர் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை மனத்தில் வைத்து இதைப் பார்த்தால், காலனி அரசின் வேலிக்குள் அதன் சாயல் ஒன்று இருந்தது எனலாம். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லியோனார்டு வுல்ஃப் 1906ஆம் ஆண்டின் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் இந்தக் கொட்டின் மேற்பார்வையாளர்களுள் ஒருவராகப் பணிபுரிந்தார். அவ்வாண்டே இலங்கை அரசு முத்துப்பார்களை ஒரு லண்டன் நிறுவனத்துக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. 1905இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டதைக் கண்ட மயக்கம் அது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின, நிறுவனமும் நிலைக்கவில்லை.

இனி, நம் ஃபிக்ஹு நூல்கள் இதை எவ்வாறு நோக்கும்? இக்கரையின் மரைக்காயர்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்மத்ஹபில் இஜாரா என்னும் கூலி உடன்படிக்கைக்குக் கூலி இன்னதென்று முன்பே அறியப்பட்டிருக்க வேண்டும். மாவரைப்பவருக்கு அவர் அரைக்கும் மாவிலிருந்தே ஒரு பங்கைக் கூலியாகப் பேசுவதை ஷாஃபிஈ, ஹனஃபீ அறிஞர்கள் தடுத்தது இதனால்தான். முத்துக்குளிப்பவரின் ஒரு மூழ்குதலில் கிடைப்பதை முன்கூட்டியே விலைபேசுவதைத் தடுக்கும் ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர். ஆயினும் அறியாததை விற்பது கூடாது என்ற கருத்தில் கருத்துவேறுபாடு இல்லை. மரிச்சுக்கட்டியில் திறவாச் சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்த நம் வணிகப் பெருமக்கள் இவ்வறிவிப்பை அறிந்திருந்தனரா என்று கேட்கத் தோன்றுகிறது. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

அப்படியானால் பங்கு முறையே கூடாதா? விடை நாம் எதிர்பாராத திசையில் செல்கிறது. ஒருவர் தம் வலையை மீனவரிடம் கொடுத்து, கிடைக்கும் மீனைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசினால் என்னாகும் என்பதை ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (மறைவு: ஹிஜ்ரி 620) தம் ‘அல்முக்னி’யில் ஆராய்கிறார். மீன் முழுவதும் பிடித்தவருக்கே; வலைக்காரருக்கு உரியது வலைக்கான நியாயமான வாடகை மட்டுமே என்பது அவர் முதலில் தரும் முடிவு. இமாம் அஹ்மதின் வேறொரு தீர்ப்பை ஒப்புநோக்கினால், பேசிய பங்கு செல்லும் என்றும் அவர் தொடர்ந்து கூறுகிறார். ஷாஃபிஈகளின் நிலை முதல் முடிவையே சார்ந்தது. படகுக்காரர் முதலாளி, ஏறுபவர் கூலி என்னும் நம் வழக்கத்தை இது தலைகீழாக்கிவிடுகிறது. கடலில் கிடைப்பதற்கு உரியவர் மூழ்கியவர். மரத்துக்கும் பாய்க்கும் உரியவர் வாடகை பெறுபவர். நம் கரையில் எத்தனை சம்மாட்டிகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பர் என்பதை நாம் அறிவோம்.

சிக்கல் பங்கில் இல்லை, முன்பணத்தில்தான் இருந்தது. முத்துப்பார் ஆண்டுதோறும் விளைவதன்று. இலங்கைப் பக்கம் 1891க்குப் பின் 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் 1862க்கும் 1889க்கும் இடையே ஒரு தலைமுறையே கடந்தது. இடைப்பட்ட காலத்தில் கீழக்கரையாரைக் காத்தது சங்கு. சேதுபதியின் கரையில் எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று, டாக்காவில் வளையல்களாக அறுக்கப்பட்டது. 1914இல் ஹார்னெல் சங்கைப் பற்றி எழுதிய தனிநூல் இவ்வணிகத்தை விரிவாகக் காட்டுகிறது. கடல் கலங்கிய மாதங்களில் வீட்டுச் செலவுக்குக் குத்தகைதாரரிடம் பணம் பெறுவதும், அடுத்த பருவத்தில் அதைச் சங்காகக் கழிப்பதும் இத்தகைய தொழிலின் இயல்பு.

இப்பணம் எது? முன்கூட்டியே கொடுத்த கூலியா, கடனா? கூலியை முன்னதாகக் கொடுப்பது கூடும் என்பதில் கருத்துவேறுபாடு இல்லை. ஆனால் கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபிமொழி தடுக்கிறது. உழைப்பின் பயனை விற்பதே இஜாரா. ஆகவே, ‘என்னிடம் கடன்பட்டவர் எனக்கே மூழ்க வேண்டும், நான் சொல்லும் விலைக்கே தரவேண்டும்’ என்னும் நிபந்தனை அத்தடைக்குள் வந்துவிடுகிறது. கடன் தரும் பயன் வட்டி என்ற விதியும் அங்கே காத்திருக்கிறது. வட்டி வாங்காத வணிகர் என்று பெயரெடுத்தவர், சங்கின் விலையைக் குறைத்து அதே வட்டியை வாங்கிவிட முடியும்.

பாரசீக வளைகுடாவில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அங்குள்ள முத்துக்குளிப்போரில் பெரும்பாலோர் வணிகரிடம் கடன்பட்டவர்கள் என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு பதூதா எழுதினார். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலை மாறவில்லை. தந்தை இறந்தால் கடன் மகன் மீது ஏறியது, மகன் மூழ்கினான். பஹ்ரைனில் 1920களில் வந்த சீர்திருத்தத்தின் மையம் மிக எளியது. ஒவ்வொரு குளிப்பவருக்கும் தனிக்கணக்கு எழுதி, அதன் படியை அவர் கையில் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையில் ஏடு எதற்கு என்று எதிர்த்தவர்கள் கப்பல் தலைவர்களும் வணிகர்களுமே. கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்றும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்றும் வகுத்திருப்பதை அவர்கள் ஓதாதவர்களல்லர். முன்பணத்தைக் குறைத்ததை எதிர்த்து 1932இல் குளிப்போரே கலகம் செய்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. பசித்தவருக்கு விலங்கும் சோறாகவே தெரியும்.

எழுத்து மட்டுமே காப்பாகிவிடாது என்பதற்கு நம் மண்டபமே சாட்சி. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களுக்கு மண்டபம் முகாம் முதன்மை வாயிலாயிற்று. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டுடன் ஆட்கள் அனுப்பப்பட்டனர். வழிச்செலவு அவர்கள் கணக்கில் கடனாக ஏறியது. அங்கே ‘துண்டு’ என்றொரு தாள் வழங்கியது. இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுப்பது அது. அடுத்த துரை அதைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்வார். கடன் மட்டும் ஆட்களுடனேயே பயணம் செய்யும். எழுத்து இருந்தது, தொகை இருந்தது, கையொப்பம் இருந்தது. தொழிலாளியின் சொல் மட்டும் அதில் இல்லை. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1939இல் இந்திய அரசு அங்கே ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

மத்யனில் மூஸா (அலை) அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். எட்டாண்டு கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது உழைப்பவரின் விருப்பம். கடினப்படுத்த மாட்டேன் என்ற உறுதியை அளிப்பவர் வேலை கொடுப்பவர். இரு தவணைகளில் எதை முடித்தாலும் தம்மீது வரம்புமீறல் கூடாது என்று நிபந்தனை விதிப்பவர் அந்நிய நாட்டில் கையில் ஏதுமின்றி வந்து நின்ற ஊழியர். அல்கஸஸ் அத்தியாயத்தை ஓதும்போது இந்தக் கடைசிப் பகுதியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

இன்றைய சட்டம் சிறுதொழிலை அரைகுறையாகவே தொடுகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) ஆறு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்குவதைத் தடுக்கிறது. முன்னறிவிப்புக்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் தரலாம். 2021இல் கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. அதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது நமக்குப் பெருமையன்று. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உழைப்பைப் பிணைத்த கடனையே செல்லாதாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்று ஒவ்வோர் ஊழியருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. ஆனால் அது பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களை நோக்கிய சட்டம். பணியிட ஒழுங்கு விதிகளை எழுதிச் சான்று பெற வேண்டிய கடமையோ முந்நூறு பேரிலிருந்துதான் தொடங்குகிறது. நாலு பேர் நிற்கும் துணிக்கடையும் ஐந்தாறு பேர் ஏறும் விசைப்படகும் வெளியே நிற்கின்றன.

இராமேஸ்வரத்து விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சம் பங்கிடப்படுகிறது. செலவுக் கணக்கு யாருடைய ஏட்டில் உள்ளதோ அவர் சொன்னதே மிச்சம். கொட்டில் குவியலைப் பிரித்தவர் வேறு, தேர்ந்தவர் வேறு என்றிருந்த காப்பு இங்கே இல்லை. 2024 பிப்ரவரியில் இலங்கை நீதிமன்றம் படகோட்டிகளுக்கு ஆறு மாதச் சிறை விதித்தபோது, இராமேஸ்வரத்து மீனவர்கள் அவ்வாண்டின் கச்சத்தீவுத் திருவிழாவைப் புறக்கணித்தனர். அந்த ஆறு மாதமும் ஓட்டுநரின் வீட்டுக்கு உரியது என்ன? அவர் பங்காளி என்றால் பிடிபாடில்லாத நாளில் பங்குமில்லை. ஆனால் அப்போது அவர் வாங்கிய முன்பணத்தைக் காட்டி அடுத்த பருவத்துக்கு அவரைப் பிடித்துவைக்கும் உரிமையும் படகுக்காரருக்கு இல்லை. அவர் கூலியாள் என்றால், படகுக்காரரின் வேலையாகச் சென்ற இடத்தில் நேர்ந்த இழப்பை அவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஒருவரைப் பங்கு கேட்கும்போது கூலியாளாகவும் இழப்பு வரும்போது பங்காளியாகவும் கொள்வதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. இரண்டில் எது என்பதையும், வாங்கிய முன்பணம் எவ்வளவு, எப்படிக் கழியும் என்பதையும் தமிழில் அரைப்பக்கத்தில் எழுதி, ஒரு படியைப் படகுக்காரரிடமும் மற்றொன்றை ஏறுபவரின் வீட்டிலும் வைக்கலாம். மூன்றாவது படியைத் திருமணப் பதிவேடு வைத்திருக்கும் ஜமாஅத்தே வைத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய அலமாரி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.